நம் தெருவில் வாழும் முன்னாள் படைவீரர்களுக்கு அக்கம்பக்கத்தார் எவ்வாறு துணை நிற்கலாம்?

விழா மேடையில் சால்வை போர்த்துவதைத் தவிர நம் தெருவில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கு வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பக்கம் ஒரு சிறிய இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். அருகிலுள்ள கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தார் இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதியில், ஓய்வூதியத் தாள்களோடு வருகிற பெரியவர்களையும் அவர்களின் மனைவியரையும் அன்றாடம் பார்ப்பவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அவருக்கு அரசு ஏற்கெனவே ஒதுக்கியிருப்பது அவர் கைக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பதையே நான் முதல் மரியாதையாகக் கருதுகிறேன். பல வீடுகளில் அது வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு பெயரில் இருக்கும் எழுத்துப் பிழையோ, யாரும் நிரப்பாமல் விட்ட ஒரு பிறந்த தேதியோதான்.

ஒரு மூதாட்டியின் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணவர் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் மதராஸ் பொறியியல் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புத் தகரப் பெட்டியை இழுத்து வைத்தார்கள். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய படை எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் எழுதப்பட்டிருந்தன. உள்ளே மஞ்சள் துணிப்பை ஒன்றில் டிஸ்சார்ஜ் புத்தகமும், ரிப்பன் நைந்துபோன பதக்கங்களும், மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணைத் தாளும் இருந்தன. அந்தத் தாளில் அம்மாளின் பெயர் ஆதாரில் உள்ளபடி இல்லை. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. ஆதாரின்படி அவர் 80 வயதைக் கடந்தவர். 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்க வேண்டும். 85 வயதில் அது 30 விழுக்காடாகவும், 90இல் 40 ஆகவும், 95இல் 50 ஆகவும் உயர்ந்து, 100 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தின் அளவுக்கே கூடுதல் தொகை சேரும். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இதே கணக்குதான். ஆனால் ஆவணத்தில் பிறந்த தேதி இல்லாதவருக்கு 80 வயது ஆனது கணினிக்கு எப்படித் தெரியும்? "எனக்கு இன்னா தெரியும் தம்பி, பேங்குல போட்டத எடுத்துக்கினு வருவேன்" என்றார் அவர்.

இது அவர் ஒருவரின் கதை மட்டுமில்லை. பட்டாளத்தில் சேர்ந்த நாளில் ஆள்சேர்ப்பு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரே கடைசி வரை நிற்கிறது. நம் ஊர் முன்னெழுத்தை அவர்கள் சில இடங்களில் முழுப் பெயராக விரித்திருப்பார்கள். சில இடங்களில் விட்டிருப்பார்கள். திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றைப் பணியில் இருக்கும்போதே பிரிவு அலுவலகத்தில் சொல்லி, பார்ட் டூ ஆர்டர் என்று அவர்கள் அழைக்கும் ஆணையில் ஏற்றியிருக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால், கணவர் காலமான பிறகு மனைவி தான் மனைவிதான் என்பதை மெய்ப்பிக்கத் தாள் தாளாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. திருத்தம் கோரும் கடிதம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குப் போக வேண்டும்: மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், மதராஸ் சாப்பர்கள் என்றால் பெங்களூருக்கும், பீரங்கிப் படை என்றால் நாசிக்கிற்கும், தொலைத்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூருக்கும். தமிழ் மட்டும் எழுதத் தெரிந்த எழுபது வயதுப் பெண்மணி ஜபல்பூருக்கு எப்படிக் கடிதம் எழுதுவார்? இங்கேதான் பக்கத்து வீட்டுப் பட்டதாரிப் பெண்ணின், பையனின் ஒரு மாலை நேரம் பெரிய உதவியாகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். ஆனால் அங்கே வரை பெரியவரை அழைத்துச் செல்வதற்கும், திரும்ப வந்த பதிலைப் படித்துச் சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

உயிருடன் இருப்பதைக் காட்ட ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று இன்னொரு பெரும்பாடு. பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் பெரும்பாலும் வங்கிகளிடமிருந்து ஸ்பர்ஷ் என்னும் இணைய அமைப்புக்கு மாறிவிட்டன. பெரியவர்கள் பலர் இன்னமும் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குத்தான் போகிறார்கள். சான்று பதியும்போது ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்காமல் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சான்று பதிவானதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் அது சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. சில மாதங்களில் பணம் நின்றுபோகும். கழனியில் காலமெல்லாம் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் எத்தனை முறை அழுத்தினாலும் விழாது. அப்போது முகத்தைக் காட்டிப் பதியும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் பதிந்து தருகிறார். இவற்றைத் தெருவில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னாலே போதும், நவம்பரில் ஒருவரும் பேருந்தேறி அலைய வேண்டியதில்லை.

எல்லா முன்னாள் படைவீரர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு என்பது பொதுவான நம்பிக்கை, அது சரியில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பணி ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டு வந்தவர்கள் நம் ஊர்களில் வெறுங்கையோடு முதுமை எய்தியிருக்கிறார்கள். வருமானம் இல்லாத, 65 வயது கடந்த இத்தகையவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியம் வழங்கும் மாதாந்திர வறுமை நிவாரணத் தொகை 2025இல் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது. விண்ணப்பிக்காதவருக்கு அது வராது. "பென்ஷன் இல்லாத மிலிட்டரிக்காரர்" என்று உங்கள் தெருவில் யாரையாவது சொல்வார்களானால், முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

மருத்துவத்தைப் பற்றியும் ஒரு சொல். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமாக 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக் வேலூரில் இருக்கிறது. அங்கே பதிவு செய்து, மருந்து வாங்கி, தேவையானால் பரிந்துரைச் சீட்டு பெற்று மருத்துவமனைக்குப் போக வேண்டும். உறுப்பினர் அட்டை கையில் இருந்தும் ஆட்டோவுக்கு ஆளில்லாததால் உள்ளூர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பெரியவர்கள் உண்டு. வேலூருக்கு வேலைக்குப் போகும் ஒருவர் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கினால், அது நான் அறிந்த எந்தச் சால்வையையும்விட உயர்ந்தது.

நாம் செய்யாமல் விட வேண்டியதும் ஒன்று உண்டு. கேண்டீன் அட்டை வைத்திருக்கிறார் என்பதற்காகவே ஒருவரைத் தேடிப் போய், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டில் வாங்கித் தரும்படி நச்சரிப்பது நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. மறுத்தால் மனத்தாங்கல் வரும் என்று அவர்கள் வாங்கித் தருகிறார்கள். அந்த ஒதுக்கீடு அவருக்குரியது. அதை வெளியாருக்குக் கொடுப்பது விதிமீறல். மாட்டிக்கொண்டால் அட்டையை இழப்பவர் அவர்தான். பனியிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு வந்த மனிதரிடம் நாம் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்விகள் இருக்கின்றன.

சிப்பாய்கள் பலர் முப்பதுகளின் இறுதியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்பா என்றால் இரண்டு மாத விடுப்பில் காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குபவர் என்று பழகிவிட்ட பிள்ளைகளோடு அவர் புதிதாக வாழத் தொடங்க வேண்டும். வேலை என்றால் பெரும்பாலும் கல்லூரி வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ செக்யூரிட்டி வேலை. வாகனப் பராமரிப்பு, தொலைத்தொடர்பு, கட்டுமானம், சரக்குக் கணக்கு என்று கைத்தேர்ச்சி பெற்றவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை நிறுத்தச் சொன்னதற்காக அவரிடமே குரலை உயர்த்துகிறோம். உங்களிடம் தொழிற்கூடமோ கடையோ இருந்தால், அவர் படையில் என்ன பணி செய்தார் என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள். சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவருக்குத் தமிழ்நாடு அரசின் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில், ஒரு கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு என்பதைச் சொல்லுங்கள்.

பொது நிகழ்ச்சிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாளை மக்கான் பகுதியிலுள்ள நினைவுத் தூணருகே வேலூர் ஆண்டுதோறும் நினைக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து எத்தனை பேர் சென்றார்கள், எத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்பது லாங்கு பஜார் மணிக்கூண்டில் கல்வெட்டாகவே இருக்கிறது; காய்கறி வாங்க வருகிற நம் பிள்ளைகளுக்கு அதை நின்று படித்துக் காட்டலாம். இந்திய இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது நமக்குப் போகியாகவோ பொங்கலாகவோ அமைவதால் யார் கவனத்திலும் நிற்பதில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குத் தெருவே கூடுகிற அன்று, பரிசு கொடுக்க வெளியூர்ப் பிரமுகரை எதிர்பார்த்து நிற்காமல், 1971 போரில் இருந்துவிட்டு எழுபது வயதைத் தாண்டி நம் நடுவே வாழ்பவரை அழைக்கலாம். கணவரைப் படையில் இழந்த பெண்மணி இருந்தால் அவரையே முதலில் அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. இத்தகைய மேடைகளில் அவர்களை மறந்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் படைக்கு ஆளெடுக்க 2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினர் நான்கு ஆண்டுப் பணியை முடிக்கும்போது, அவர்களில் 25 விழுக்காட்டினர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்குப் பணி முடிவில் ஒருமுறை மொத்தமாகத் தரப்படும் சேவா நிதித் தொகை உண்டு. ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ இல்லை. நான் மேலே சொன்ன அலுவலகங்களும் அட்டைகளும் அவர்களுக்கு உதவா. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வரும் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தொடர வழி சொல்வதும், கைக்கு வரும் தொகையைச் சீட்டுக் கம்பெனிகளில் இழந்துவிடாமல் காப்பதும், வேலைக்குப் பரிந்துரைப்பதும் பெரிதும் ஊராரின் பொறுப்பாகவே இருக்கும். உங்கள் தெருவிலிருந்து அப்படிச் சென்றவர் யார் யார் என்று இப்போதே அவர்கள் வீட்டில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.