தோத்துப்போனா என்ன பண்றது? நரிமேடு டீச்சர் கேள்வி பதில்

சரி, கேள்விய போடுங்க. இன்னைக்கு தலைப்பு தோல்வி, அதுல நம்ம விசுவாசம் எங்க வருதுங்கிறது. நான் ஸ்கூல்ல வேதபாடம் எடுத்து ரிட்டயர் ஆனவ. ஆயரம்மா இல்ல, டாக்டர் இல்ல, குறி சொல்றவ சுத்தமா இல்ல, அதனால "எனக்கு எப்ப வேலை கெடைக்கும்"ண்டு கேட்டா பதில் வராது. அப்புறம் யாராச்சும் ஒரு வசனத்த தூக்கிட்டு வந்தா அதுக்கு மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் படிச்சுட்டு வாங்க, இத நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

கே (செல்லூர், ஒரு அம்மா): மகளுக்கு நீட் ரெண்டாவது தடவையும் போச்சு டீச்சர். வருசப் பிறப்பு ராத்திரி ஆராதனையில எங்களுக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வருசம் பூராவுக்கும் நமக்குண்டு எடுக்குற வசனச் சீட்டு) எரேமியா 29:11. அத நம்பி சீட்டு உறுதிண்டு சர்ச்சுல முன்கூட்டியே சாட்சி வேற சொல்லிட்டோம். இப்ப அவ சர்ச்சுக்கே வரமாட்டேங்குறா.

ப: அக்கா, மொதல்ல அந்த வசனம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு"ண்டு வருதுல்ல, அது யாருக்கு எழுதுனதுண்டு பாருங்க. பாபிலோனுக்கு சிறை புடிச்சுட்டுப் போனாங்கல்ல, அந்த ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதுன கடுதாசி அது. அதுக்கு மேல உள்ள வசனத்துலயே 70 வருசம் ஆகும்ண்டு இருக்கு. அந்த கடுதாசிய கையில வாங்குன பெருசுக பாதிப்பேரு திரும்பி ஊரப் பாக்காமலே அங்கனயே செத்திருப்பாக. அதனாலதான் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணி வைங்கண்டு அஞ்சாம் ஆறாம் வசனத்துல சொல்றாரு. இன்னும் கொஞ்சம் மேல போனா 28ஆம் அதிகாரம், அங்க அனனியாண்டு ஒரு தீர்க்கதரிசி கோயில்ல எல்லாருக்கும் முன்னாடி நின்னுக்கிட்டு ரெண்டே வருசத்துல எல்லாம் திரும்பிரும்ண்டு அடிச்சு சொல்றான், ஜனங்க கேக்க ஆசப்பட்டது அதுதான். எரேமியாவும் மொதல்ல "ஆமென், அப்பிடியே நடக்கட்டும்"ண்டுதான் சொல்றாரு, ஆனா கடைசியில அவன கர்த்தர் அனுப்பலைண்டு வருது. சீக்கிரமா ஜெயம் வரும்ண்டு சொன்னவன் பொய் தீர்க்கதரிசிண்டு முடிஞ்ச அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்துலதான் உங்க அட்டை வசனம் இருக்கு. நாம அத எடுத்து அனனியா சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கோம்.

இப்ப பிள்ளை விசயம். அவ கடவுள் மேல கோவப்பட்டு வராம இருக்காளா, இல்ல வாசல்ல செருப்ப கழட்டும்போதே "என்னம்மா ரிசல்ட்டு"ண்டு கேக்குற நம்மளுக்கு பயந்து வராம இருக்காளா? எனக்கு என்னமோ ரெண்டாவதுதாண்டு தோணுது. சாட்சி சொன்னது நீங்க, அவ இல்ல. அந்த பாரத்த அவ தலையில எறக்கி வைக்காதீங்க. பரீட்சையில மார்க்கு கொறஞ்சது பாவம் இல்ல, அதுக்கு பாவமன்னிப்பு ஜெபம் எதுக்கு? எந்தப் பாடத்துல போச்சுண்டு பேப்பர வச்சுக்கிட்டு உக்காந்து பாருங்க. மூணாவது தடவை எழுதுறதா வேணாமாங்கிறத அவளே சொல்லட்டும். ராத்திரி தூங்காம கெடந்தாலோ, இருந்து என்ன ஆகப்போகுதுங்கிற மாதிரி ஒரு வார்த்த வந்தாலோ அத விசுவாசக் குறைவுண்டு நெனச்சு உபவாசத்துல உக்காந்துராதீங்க, அன்னைக்கே 104, இல்லாட்டி 14416ங்கிற உதவி நம்பருக்கு போன் போடுங்க, பக்கத்துலயே இருங்க.

கே (அனுப்பானடி தம்பி): அரியர் கிளியர் ஆக எந்த சங்கீதம் வாசிக்கணும்?

ப: சிலபஸ்ஸ வாசிங்க தம்பி.

கே (விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் பண்ணுன ஒரு அண்ணன்): கடன்ல கடைய மூடிட்டேன். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருத்தர் மறைவான பாவம் எதோ இருக்குண்டும், விதை காணிக்கை (பல மடங்கா திரும்ப வரும்ண்டு சொல்லி வாங்குற காணிக்கை) போட்டா கட்டு அவிழும்ண்டும் சொல்றாரு. கேட்டதுல இருந்து மண்டைக்குள்ள அதுதான் ஓடுது.

ப: அண்ணே, காசு குடுக்காதீங்க. கடன் வாங்கி காணிக்கை போடவே போடாதீங்க.

நம்ம சபைகள்ல மூணு விசயத்த ஒண்ணா போட்டு கொழப்பிர்றாங்க. பாவம் வேற. தப்புக்கணக்கு வேற. சும்மா நடந்து போச்சுங்கிறது வேற. சரக்கு எடுத்தவன ஏமாத்துனீங்களா, அது பாவம், மனந்திரும்பணும், வரி வசூல் பண்ணுன சகேயு நாலு மடங்கா திருப்பித் தர்றேண்டு சொன்னாருல்ல அந்த மாதிரி எந்திரிச்சு நிக்கணும். தீவாளிக்கு ஓடும்ண்டு அளவுக்கு மேல கடனுக்கு ஸ்டாக் வச்சீங்களா, அது தப்புக்கணக்கு, அதுக்கு அழுது ஜெபிச்சு பிரயோஜனம் இல்ல, ஒரு ஆடிட்டர்கிட்ட நோட்ட கொண்டுபோய் குடுத்து எங்க ஓட்டைண்டு கேக்கணும். சரக்கு வாங்குனவன் ஓடிட்டான், வீட்ல ஆஸ்பத்திரி செலவு வந்துருச்சு, அது உங்க கையில இல்லாதது. பிறவிக் குருடன காமிச்சு இவன் பாவமா இவன் அப்பன் ஆத்தா பாவமாண்டு சீஷருங்க கேட்டப்ப ரெண்டும் இல்லைண்டுதான் யோவான் 9ல பதில் வருது. எல்லாத்தையும் பறிகுடுத்து நின்ன யோபுகிட்ட வந்து "நீ எதோ பண்ணிருக்க"ண்டு அதிகாரம் அதிகாரமா பேசுன அந்த மூணு பேர் மேலதான் கடைசியில கர்த்தருக்கு கோவம் வருது, 42:7 பாருங்க. அவுக பலி குடுத்து, யோபு அவுகளுக்காக ஜெபம் பண்ணுன பிறகுதான் தப்பிச்சாக. உங்க வீட்டுக்கு வந்தவரு அந்த அதிகாரம் வரைக்கும் வாசிக்கல போல.

கே (கோரிப்பாளையம், ஒரு பாப்பா): பிலிப்பியர் 4:13 "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு"ண்டு இருக்கே, அப்ப ஏன் தோக்குறோம்?

ப: மேல ஒரு வசனம் படிம்மா. பட்டினியா கெடக்கவும் தெரியும், நெறஞ்சிருக்கவும் தெரியும்ண்டு எழுதுறாரு. எழுதுனது ஜெயில்ல இருந்து.

கே (பேர் வேணாம்னு சொன்ன ஒருத்தர்): ஞானஸ்நானம் எடுத்து குடிய விட்டேன். போன மாசம் மறுபடி விழுந்துட்டேன். இப்ப முன்ன மாதிரியே தெனமும் ஓடுது. சர்ச்சுல முகத்த காட்ட முடியல.

ப: ய்யா, சர்ச்சு ரெண்டாவது. தெனமும் குடிக்கிற ஒடம்பு திடீர்ண்டு நிறுத்துனா கை நடுக்கம், பேய் மாதிரி எதாச்சும் தெரியிறது, வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து. அதனால ஜெபத்துல உக்காந்து ஒரே ராத்திரியில விடுறேண்டு வீராப்பு வேணாம். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நாளைக்கே போங்க, மாத்திரை குடுத்து பாத்துப்பாங்க. ஏஏ கூட்டம் (குடிய விட நெனைக்கிறவங்க ஒண்ணா கூடுறது) எங்க நடக்குதுண்டும் விசாரிங்க, திரும்ப விழுந்தவன பாத்து அங்க யாரும் மூஞ்ச சுளிக்க மாட்டாங்க, அங்க உக்காந்திருக்கவங்க பூராவும் விழுந்து எந்திரிச்சவங்கதான். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எந்திரிப்பாண்டு நீதிமொழிகள் 24:16ல இருக்கு, விழவே மாட்டாண்டு இல்ல. எலியா தீர்க்கதரிசி சாகணும்ண்டு சூரைச்செடி கீழ படுத்தப்ப தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் குடுத்து தூங்க விட்டான், ரெண்டு தடவ. நீங்களும் மொதல்ல சாப்பிடுங்க, தூங்குங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க.

கே (பசுமலை): இயேசுவ தெரியாதுண்டு மறுதலிச்ச பேதுருவும் தோத்தாரு, அவர காட்டிக்குடுத்த யூதாசும் தோத்தான், ஒரே ராத்திரியில. ஒருத்தர் எந்திரிச்சாரு, ஒருத்தன் செத்துப் போயிட்டான். யூதாசு மனந்திரும்பலைங்கிறதுதான் வித்தியாசமா?

ப: இதுதான் இன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க, ஆனா மத்தேயு 27 எடுத்துப் பாருங்க. யூதாசு மனஸ்தாபப்பட்டான், 30 வெள்ளிக்காச திருப்பிக் கொண்டு வந்தான், "பாவஞ்செய்தேன்"ண்டு வாயால சொன்னான். ஒரு மனுசன் வேற என்னதான் செய்யணும்? அவன் தப்பா போனது சொன்ன எடம். பிரதான ஆசாரியருங்ககிட்ட போய் சொன்னான். அவுக என்ன சொன்னாக? "எங்களுக்கென்ன, அது உன்பாடு." காரியம் முடியிற வரைக்கும் அவன வச்சு வேல வாங்குனவுக, முடிஞ்ச பிறகு கதவ சாத்திட்டாக.

பேதுரு வெளிய போய் மனங்கசந்து அழுதாரு, ஆனா மத்த சீஷருங்கள விட்டு ஓடிப்போயிரல. கல்லறைக்கு ஓடும்போது கூட ஒரு ஆளு இருந்தாரு, மீன் புடிக்கப் போகும்போது ஆறு பேரு கூடப் போனாக. அவரு மறுதலிச்சது அவுகளுக்கு தெரியாமயா இருந்திருக்கும்? இருந்தும் யாரும் "அது உன்பாடு"ண்டு சொல்லல. அதுக்கும் முன்னாடி லூக்கா 22:32ல, விழுறதுக்கு முன்னயே, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து"ண்டு இயேசு சொல்லி வச்சுட்டாரு. விழப்போறவன்கிட்டயே எந்திரிச்ச பிறகு செய்யவேண்டிய வேலைய குடுத்தாச்சு. தோத்தவன் என்ன கத்துக்கணும்ண்டே நாம பேசிக்கிட்டு இருக்கோம், தோத்துட்டேண்டு சொல்லிக்கிட்டு வர்றவன்கிட்ட நம்ம சபை என்ன பேசுதுண்டு ஒரு நாளும் பேசுறதில்ல.

கே (திருமங்கலம், பாடகர் குழு நடத்துறவரு): அப்ப இதுக்கு சொல்லுங்க. போன கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல ஒரு பையன் கீபோர்ட அப்பிடியே போட்டுட்டு பாதியில கோவிச்சுக்கிட்டு போயிட்டான். இப்ப திரும்பி வர்றேங்கிறான். சேக்கலாமா?

ப: மாற்கு கதைதான் உங்களுக்கு. பவுல், பர்னபா கூட கெளம்பி பெர்கே வரைக்கும் வந்துட்டு பாதியில எருசலேமுக்கு திரும்பிட்டான், அப்போஸ்தலர் 13:13. ஏண்டு காரணம் எழுதல. அடுத்த பயணத்துக்கு பர்னபா அவன கூப்பிடுறாரு, பவுல் வேணவே வேணாங்கிறாரு, சண்ட முத்தி ரெண்டு பேரும் பிரிஞ்சே போறாக. பர்னபா அவன கூட்டிக்கிட்டு சீப்புரு தீவுக்கு கப்பலேறுறாரு. பல வருசம் கழிச்சு சிறையில இருந்து அதே பவுல் எழுதுறாரு, மாற்குவ கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமுள்ளவண்டு. சேருங்க.

(திருநகர் அண்ணன் ஒருத்தர் உள்ள வர்றாரு): டீச்சர், ஒருபக்கமா சொல்றீங்க. பவுலத்தான் சகோதரருங்க தேவ கிருபைக்கு ஒப்புவிச்சு அனுப்புனாகண்டு அப்போஸ்தலர் 15:40 சொல்லுது, பர்னபாவ இல்ல. மாற்கு பர்னபாவுக்கு சொந்தக்காரன், கொலோசெயர் 4:10. சொந்தத்துக்கு சப்போர்ட் பண்ணதுதான. பவுல் கண்டிசனா இருந்ததாலதான் பையன் திருந்துனான்.

ப: அண்ணே, சொந்தக்காரங்கிறது சரி. யார் பக்கம் நியாயம்ண்டு அந்த புஸ்தகத்த எழுதுன லூக்கா எழுதல, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா பவுல் கண்டிப்பாலதான் திருந்துனாண்டு நீங்க சேத்துக்கிட்டது, அது எந்த வசனத்துலயும் இல்ல. பர்னபா யாருண்டு அதே புஸ்தகம் 9ஆம் அதிகாரத்துல பாருங்க. விசுவாசிகள துன்பப்படுத்திக்கிட்டு இருந்த சவுல், அதான் இந்த பவுல், எருசலேமுக்கு வந்தப்ப எல்லாரும் பயந்து ஒதுங்குனாக, கைய புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனது பர்னபா. சவுல் அவருக்கு என்ன சொந்தம்?

திருநகர் அண்ணன்: அப்ப காணிக்கை பணத்துல கைய வச்சவனையும் திரும்ப பொருளாளர் ஆக்கிருவோமா?

ப: எங்க இருந்து எங்க போறீங்க! கீபோர்டும் காணிக்கை பெட்டியும் ஒண்ணா? மன்னிப்பு வேற, சாவி வேற. மன்னிப்பு இன்னைக்கே குடுக்கலாம், சாவிய குடுக்கணும்ண்டு எங்கயும் சொல்லல, அந்த ஆளுக்கே அது நல்லதில்ல. தாவீது ராஜா பண்ணுன பாவத்துக்கு நாத்தான் தீர்க்கதரிசி வாயாலயே மன்னிப்பு கெடச்சுச்சு, ஆனா பட்டயம், அதான் வாளு, அவரு வீட்ட விட்டு போகல. ரெண்டையும் ஒண்ணா பாக்குறதாலதான் நம்மாளுங்க ஒண்ணு எல்லாத்தையும் மூடி மறைக்கிறாங்க, இல்லாட்டி ஆள கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒதுக்கி வைக்கிறாங்க.

(இதுக்கு கீழ திருநகர் அண்ணனும் பசுமலையும் தனியா சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. அடிச்சுக்கங்க, நான் அடுத்ததுக்கு போறேன்.)

கே (உசிலம்பட்டி பக்கம் ஊழியம் பண்ற தம்பி): வருசக்கணக்கா போறேன், ஒருத்தரும் வரல. எனக்கு அழைப்பு இல்லையோண்டு தோணுது.

ப: தம்பி, நம்ம மதுர கதையே சொல்றேன். 1606ல ராபர்ட் தெ நொபிலிங்கிற ஏசுசபை பாதிரியார் இங்க வரும்போது பெர்னாண்டஸ்ண்டு ஒரு வயசான கத்தோலிக்க சாமியார் ஏற்கனவே இருந்தாரு. கடற்கரையில இருந்து வந்த பரதவ கிறிஸ்தவங்கள பாத்துக்கிட்டாரு, ஆனா மதுரக்காரங்கள்ல ஒருத்தரும் சேரல. நொபிலி ஜனங்க மனசு கல்லுண்டு சொல்லல, நம்ம நடை உடையில எது இவுகள தள்ளி நிறுத்துதுண்டு கேட்டாரு. காவி கட்டுனாரு, கறிய விட்டாரு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சாரு. அதுக்கு அந்த பெர்னாண்டஸே மேலிடத்துக்கு புகார் எழுதி, ரோமாபுரி வரைக்கும் வழக்கு போய் 1623லதான் போப்பாண்டவர் அனுமதி வந்துச்சு. ஆனா ஒண்ணு, அந்த வழி சாதிய அப்பிடியே உள்ள கூட்டிட்டு வந்துருச்சு, அதுக்கு இன்னும் நாம வட்டி கட்டிக்கிட்டு இருக்கோம். நீங்க அழைப்ப சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல நாலு வீட்டுத் திண்ணையில உக்காந்து உங்கள பத்தி என்ன நெனைக்கிறாங்கண்டு கேளுங்க. பிரசங்கம் பண்ணாம.

கே (கே.கே.நகர்): டீச்சர் எனக்கும் எரேமியா 29:11 தான் வந்துச்சு, வீட்டு லோன் கெடைக்குமா?

ப: மேல படிங்க.

கே (ஒத்தக்கடை): ரோமர் 8:28, எல்லாம் நன்மைக்குத்தானே?

ப: அடுத்த வசனத்தையும் சேத்து படிங்க, அங்க நன்மைண்டு சொல்றது குமாரனோட சாயலுக்கு ஒத்து வர்றத. புரமோசன் இல்ல.

கே (அண்ணாநகர்): மகனுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுது, இதுவும் தோல்விதான?

ப: இல்லக்கா, இது தரகர்கிட்ட கேக்கவேண்டியது.

கே (திருமங்கலம், மறுபடி): டீச்சர், சேருங்கண்டு சொல்லிட்டீங்க, எப்பிடி சேக்குறதுண்டு சொல்லலையே. மத்த பிள்ளைகளுக்கு கோவம் இருக்கு.

ப: மைக்ல கூப்பிட்டு மன்னிப்பு கேக்க வைக்காதீங்க, அது பழிவாங்குறது. குழுவுல மட்டும், பிராக்டீஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஏன் போனாண்டு அவனே சொல்லட்டும். உங்க பக்கம் எதாச்சும் இருந்தா நீங்களும் அங்கயே சொல்லிருங்க, கேரல் ரவுண்ட்ஸ்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சோறு குடுக்காம பிள்ளைகள நிக்க வச்சிருந்தீங்கன்னா கோவம் வராம என்ன செய்யும். அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆராதனையில மட்டும் வாசிக்கட்டும். ஈஸ்டர் பாட்டு யாரு வாசிக்கிறதுண்டு பிறகு பாத்துக்கலாம். திருநகர் அண்ணன் டைப் பண்ணிக்கிட்டு இருக்காரு, எனக்கு தெரியுது, இன்னைக்கு அவ்வளவுதாண்ணே, அடுப்புல கொழம்பு இருக்கு.