சீழ் நாறுகிறது, கல்ச்சரில் வளர்ச்சி இல்லையே?

கேள்வி: குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆன நோயாளிக்கு ஆறாம் நாள் வயிற்றுக்குள் சீழ் கட்டியது. கடும் நாற்றம். பஞ்சுக்குச்சியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் நாகர்கோவில் லேபுக்கு கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினோம். 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. ஏன்?
– செவிலியர் ஒருவர், குலசேகரம்

பதில்: அந்த நாற்றமே பாதி விடை, சகோதரி. பெருங்குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் ஃப்ரஜிலிஸ் போன்ற, இந்த நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகள் ஆக்சிஜனில் வளராது. பஞ்சுக்குச்சி காய்ந்துவிடும், இழைகளுக்குள் காற்றும் இருக்கும். ஐஸும் அவற்றுக்கு ஆகாது. ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே ஓடியிருந்தால் கூட இருக்கும், காற்றிலும் வளரக்கூடிய ஈ.கோலை கிருமியும் வளராமல் போகலாம்.

அடுத்த முறை சீழை சிரிஞ்சில் 2 மில்லியாவது உறிஞ்சுங்கள். டிரெயின் பையில் (சீழ் வடியும் குழாயின் பையில்) தேங்கியது வேண்டாம். காற்றுக் குமிழை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி, மூடியிட்டு உடனே லேபில் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அது சிரமம். எனவே ராபர்ட்சன் குக்டு மீட் குழாயை (வெந்த இறைச்சித் துணுக்குகள் உள்ள, கிருமி வளர்க்கும் குழாய்) முன்பே வாங்கி வைத்து, இறைச்சித் துணுக்குகளுக்கு அடியில் சீழை மெல்ல விடுங்கள், குலுக்காதீர்கள். அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள். சீட்டில் 'அனரோபிக் கல்ச்சர்' (காற்றில்லாமல் வளர்ப்பது) என்று எழுதாவிட்டால் பெரும்பாலும் சாதாரண கல்ச்சர்தான் போடுவார்கள்.

லேபில் முதலில் கிராம் ஸ்டெயின், அதாவது சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதில் கிருமி தெரிந்தும் காற்றில் வைத்த சாதாரணத் தட்டில் வளராவிட்டால் காற்றில்லாக் கிருமி என்ற சந்தேகம் வலுக்கும். சீழைத் தடவிய ரத்த அகார் தட்டை (ரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் தட்டு) காற்றில்லா ஜாடியில் 37 டிகிரியில் வைத்து, 48 மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். தட்டில் வைத்த 5 மைக்ரோகிராம் மெட்ரோனிடசோல் (காற்றில்லாக் கிருமிகளுக்கான மருந்து) வில்லையைச் சுற்றி, கிருமி வளராத தெளிந்த வட்டம் விழுந்தால் அது காற்றில்லாக் கிருமி என்பதற்கு நல்ல தடயம். அதே காலனி (தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டம்) காற்றில் வளரவில்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும்.

இதற்குள் சீழை வடிப்பது தள்ளிப்போகக் கூடாது. 'வளர்ச்சி இல்லை' என்ற ஒரு வரிக்காக மெட்ரோனிடசோலை நிறுத்திவிடாதீர்கள். சீழ் நாறியதை சர்ஜனிடம் சொல்லுங்கள்.