ஜெர்மனி சம்பளமா, ஜப்பான் ஃபெல்லோஷிப்பா? ரெண்டு நாட்டு பிஎச்டிக்கு ஒரு காசுக் கணக்கு

கேள்வி: வணக்கம் சார். ஜெர்மனியில கெமிஸ்ட்ரி மாஸ்டர்ஸ் முடிக்கப் போறேன். இங்க இருக்கற ஒரு ஜெர்மன்-ஜப்பான் கூட்டு ஆராய்ச்சிக் குழுவுல பிஎச்டிக்கு எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஜெர்மன் பக்கம் சேர்ந்தா 65 சதவீத இ13 கான்ட்ராக்ட் (இ13ங்கறது அங்க அரசு சம்பள டேபிள்ல ஒரு நிலை, அதுல 65 சதவீதம்), மூணு வருஷம், நடுவுல ஆறு மாசம் ஜப்பான் போகணும். ஜப்பான் ப்ரொஃபசர் என்னடான்னா என் லேப்லயே நேரா சேர்ந்துடு, டிசி1 ஃபெல்லோஷிப்புக்கு (பிஎச்டி மாணவர்களுக்கு ஜேஎஸ்பிஎஸ்ங்கற ஜப்பான் அமைப்பு குடுக்கறது) அப்ளை பண்ணலாம், மாசம் 2 லட்சம் யென் வரும்னு சொல்றார். ஊர்ல 18 லட்சம் எஜுகேஷன் லோன் இருக்கு, 10.5 சதவீத வட்டி, பத்து வருஷம். எதை எடுக்கறது? ஆறு மாசம் ஜப்பான்ல இருக்கும்போது சம்பளம் நிக்குமா? ஜப்பான் முடிச்சுட்டு அப்படியே ஊருக்கு வந்துட்டுப் போன்னு அம்மா வேற சொல்றாங்க, அதுல ஏதும் சிக்கல் இருக்கா?

பதில்: முதல்ல வாழ்த்துகள். அம்மா சொன்னதுலதான் சிக்கலே இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த கூட்டு பிஎச்டி எல்லாம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். ஜெர்மனியில டிஎஃப்ஜி-னு ஒரு அமைப்பு, பான் நகரத்துல இருக்கு, ஆராய்ச்சிக்கு காசு குடுக்கறதே அவங்க வேலை. ஜப்பான்ல அதே மாதிரி ஜேஎஸ்பிஎஸ். ரெண்டு பேரும் சேர்ந்து முன்ஸ்டர்-நகோயா கெமிஸ்ட்ரி குழு, ஹாலே-டோக்கியோ சமூகவியல் குழு, டார்ம்ஸ்டாட்-வசேடா கணிதக் குழுன்னு பல ஜோடிகளை நடத்தியிருக்காங்க. கூட்டுன்னு பேர்தான், காசு கூட்டு இல்ல. ஜெர்மன் பக்கத்து ஆளுக்கு டிஎஃப்ஜி குடுக்கும், ஜப்பான் பக்கத்து ஆளுக்கு ஜப்பான் குடுக்கும், ஒருத்தர் பையிலேர்ந்து இன்னொருத்தர் பைக்கு காசு போகாது. அதனால நீங்க எந்த பக்கம் பதிவு பண்றீங்களோ அந்த பக்கத்து சம்பளம், அந்த பக்கத்து வரி, அந்த பக்கத்து இன்ஷூரன்ஸ். லேப் நல்லா இருக்கா, ப்ரொஃபசர் நல்லவரா, அதெல்லாம் நீங்க பாருங்க, நான் காசை மட்டும் பாக்குறேன்.

காசுன்னு பாத்தா ஜெர்மன் கான்ட்ராக்ட்தான். எனக்கு இதுல பெரிய யோசனையே இல்ல, ஆனா ஏன்னு சொல்லணும்ல.

2025 டேபிள்படி முழு இ13 ஆரம்ப நிலை மாசம் சுமார் 4,600 யூரோ. அதுல 65 சதவீதம்னா 3,000 பக்கம், வரி, ஹெல்த், பென்ஷன் எல்லாம் பிடிச்சது போக கையில 2,000-க்கு கொஞ்சம் மேல நிக்கும். டிசி1 மாசம் 2 லட்சம் யென், இன்னைக்கு யூரோவுல சொல்லணும்னா 1,100-லேர்ந்து 1,250-க்குள்ள, அந்த நாள் ரேட்டைப் பொறுத்தது. தனியா வருஷத்துக்கு 15 லட்சம் யென் வரைக்கும் ஆராய்ச்சி நிதியும் கேக்கலாம், ஆனா அது கெமிக்கலுக்கும் கான்ஃபரன்ஸுக்கும்தான், அதுல வாடகை கட்ட முடியாது. அதோட டிசி1 கெடைக்கும்னு யாரும் கேரண்டி குடுக்கல, அப்ளை பண்றவங்கள்ல சுமாரா அஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான் கெடைக்குது, டாக்டரேட் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வருஷமே அப்ளை பண்ணணும். ஒரு பக்கம் கையெழுத்துப் போடற நிலையில இருக்கற கான்ட்ராக்ட், இன்னொரு பக்கம் 'அப்ளை பண்ணலாம்'. இது ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஒருவேளை டிசி1 கெடைச்சுடுச்சுன்னே வச்சுக்குவோம். அந்த 2 லட்சம் யென்னை ஜப்பான் வரித்துறை சம்பளமா பாக்கும், வரி உண்டு. ஆனா வேலைக்காரருக்கு கெடைக்கற கம்பெனி இன்ஷூரன்ஸ் கெடையாது, ஹெல்த் இன்ஷூரன்ஸும் தேசிய பென்ஷனும் நம்ம கைக்காசுல. பென்ஷன் மட்டும் 2025 கணக்குல மாசம் 17,510 யென், மாணவர்னு சொல்லி தள்ளி வைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், அது வேற விஷயம். முதல் வருஷம் ஹெல்த் ப்ரீமியம் கம்மியாத்தான் வரும், ஏன்னா போன வருஷ ஜப்பான் வருமானத்தை வச்சு போடுவாங்க, நமக்கு அங்க போன வருஷம் வருமானமே இல்லையே. ரெண்டாவது வருஷம்தான் அடி. ஜூன் மாசம் வார்டு ஆபீஸ்லேர்ந்து உள்ளூர் வரி பில் ஒண்ணு, ஹெல்த் பில் ஒண்ணுன்னு சேர்ந்து வந்து நிக்கும், முதல் வருஷம் நல்லா இருந்துச்சேன்னு செலவு பண்ணவங்க அப்பதான் முழிப்பாங்க. ட்யூஷன் ஃபீஸ் வேற, அரசு யுனிவர்சிட்டியில வருஷத்துக்கு 5,35,800 யென் ஸ்டாண்டர்ட் ரேட், தள்ளுபடி பலருக்கு கெடைக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்கணும். ஜெர்மனியில பிஎச்டிக்கு பொதுவா ட்யூஷனே இல்ல, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான்.

மெக்ஸ்ட்னு ஜப்பான் அரசு ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு, டாக்டரேட்டுக்கு மாசம் 1,45,000 யென், ட்யூஷன் இல்ல, அதுக்கு வரியும் இல்ல. ஆனா மெக்ஸ்ட்டையும் டிசி1-ஐயும் ஒண்ணா வாங்க முடியாது.

உங்க லோனை இதுல போட்டுப் பாருங்க. 18 லட்சம், 10.5 சதவீதம், பத்து வருஷம்னா இஎம்ஐ 24,300 ரூபா கிட்ட வரும். ஜெர்மன் சம்பளத்துல அது சுமார் 240 யூரோ, எட்டுல ஒரு பங்கு, கட்டலாம். ஜப்பான் ஃபெல்லோஷிப்ல அது 40,000 யென்னுக்கு மேல, அஞ்சுல ஒரு பங்கு, அதுவும் வரியும் இன்ஷூரன்ஸும் பிடிக்கறதுக்கு முன்னாடி கணக்கு. யென் இன்னும் விழுந்தா அந்தப் பங்கு இன்னும் பெருசாகும், கடன் ரூபாயில இருக்கு, வருமானம் யென்னுல, நடுவுல ரேட்டு நம்ம பேச்சைக் கேக்காது.

இன்னொண்ணு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. இ13 கான்ட்ராக்ட்ல வேலையில்லாக் காப்பீட்டுக்கும் பிடிக்கிறாங்க. மூணு வருஷம் கட்டிட்டு கான்ட்ராக்ட் முடிஞ்சு தீசிஸ் முடியலைன்னா, வேலை தேடத் தயாரா இருந்து வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிவு பண்ணா, கையில வந்த சம்பளத்துல 60 சதவீதம் ஒரு வருஷம் வரைக்கும் கெடைக்க வாய்ப்பு உண்டு, அந்த நேரத்துல விசா அனுமதி சரியா இருக்கணும். ஃபெல்லோஷிப்ல இப்படி ஒரு மெத்தை கெடையாது. பிஎச்டி மூணு வருஷத்துல முடியுறது எவ்ளோ அபூர்வம்னு உங்க சீனியர்ஸைக் கேட்டாலே தெரியும். அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: இந்தக் குழுவோட டிஎஃப்ஜி நிதி எந்த தேதி வரைக்கும்? இந்த மாதிரிக் குழுக்களுக்கு அதிகபட்சம் 9 வருஷம்தான் குடுப்பாங்க, அதுவும் ரெண்டு கட்டமா, நடுவுல மறுபடி பரிசீலனை. கடைசி கட்டத்தோட கடைசியில சேர்ற ஆளுக்கு நீட்டிப்புக்கு காசு இருக்காது, முதல் கட்டத்துல சேர்ற ஆளுக்கு இருக்க வாய்ப்பு உண்டு.

சரி, ஜப்பான் போற ஆறு மாசம். சம்பளம் நிக்காது, கான்ட்ராக்ட் அப்படியே ஓடும், நீங்க வேலை விஷயமா போறதாத்தான் கணக்கு. டிக்கெட்டும் அங்க தங்கற கூடுதல் செலவும் குழுவோட நிதியிலேர்ந்து வரும், எவ்ளோன்னு உங்க கோஆர்டினேட்டர்கிட்ட எழுத்துல வாங்குங்க. தொகையைவிட எனக்கு பெருசா படறது, எப்ப வரும்ங்கறது. ஜெர்மன் யுனிவர்சிட்டிகள்ல பயணச் செலவு பொதுவா போயிட்டு வந்து பில் வச்சு வாங்கறது, அதுக்கு மாசக் கணக்குல ஆகும். போறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கேக்கலாம், ஜெர்மன்ல அப்ஷ்லாக்னு சொல்வாங்க, கேட்டா குடுப்பாங்க, கேக்காதவங்களுக்கு தானா வராது. ஏன்னா ஜப்பான்ல போய் இறங்கின அன்னைக்கே காசு வேணும், தனி வீடு எடுத்தா டெபாசிட், வீட்டுக்காரருக்கு திரும்ப வராத ஒரு தொகை, கேரண்டர் கம்பெனிக்கு ஒரு தொகைன்னு வாடகைக்கு முன்னாடியே ரெண்டு மூணு மாச வாடகை போயிடும். யுனிவர்சிட்டி கெஸ்ட் ஹவுஸ் கெடைச்சா கண்ணை மூடிட்டு எடுங்க. ஜெர்மனியில உங்க ரூமை அந்த ஆறு மாசம் யாருக்காவது உள்வாடகைக்கு விடுங்க, ஆனா வீட்டுக்காரர் சம்மதம் எழுத்துல இருக்கணும்.

இன்ஷூரன்ஸ்ல ஏமாறாதீங்க. ஜெர்மன் அரசு ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஜப்பான்ல செல்லாது, சாதாரண ட்ராவல் இன்ஷூரன்ஸ் ஒரு பயணத்துக்கு பெரும்பாலும் ஆறு எட்டு வாரம்தான் கவர் பண்ணும். நீண்ட தங்கலுக்குன்னு தனி பாலிசி எடுங்க. ஜப்பான்ல மூணு மாசத்துக்கு மேல தங்கினா அங்க வார்டு ஆபீஸ்ல பதிவு பண்ணி அவங்க தேசிய ஹெல்த் இன்ஷூரன்ஸ்லயும் சேரச் சொல்வாங்க, அதுல சேர்ந்தாலும் ஆஸ்பத்திரி பில்லுல 30 சதவீதம் நாம கட்டணும். பென்ஷனுக்கு ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் 2000-லேர்ந்து ஒப்பந்தம் இருக்கு, ரெண்டு பக்கமும் பிடிக்காம இருக்க உங்களுக்கு என்ன சான்றிதழ் வேணும்னு கெளம்பறதுக்கு முன்னாடியே எச்ஆர்ல கேட்டுடுங்க.

இப்ப அம்மா விஷயம். ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் வச்சிருக்கறவங்க நாட்டை விட்டு வெளிய போய் ஆறு மாசத்துக்குள்ள திரும்பலைன்னா பெர்மிட் தானா செத்துப் போயிடும், யாரும் லெட்டர் போட்டு சொல்ல மாட்டாங்க. ஜப்பான்ல ஆறு மாசம் முழுசா இருந்துட்டு அப்படியே சென்னையில ரெண்டு வாரம் இருந்துட்டு திரும்பினா, ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க. சம்பளம், கான்ட்ராக்ட், லோன் எல்லாம் அந்த ஒரு பெர்மிட்டை நம்பித்தான் நிக்குது. ஒண்ணு, கெளம்பறதுக்கு முன்னாடி வெளிநாட்டவர் அலுவலகத்துல அதிக நாள் வெளிய இருக்க எழுத்துல அனுமதி வாங்குங்க, மெயில்ல 'ஓகே'ன்னு வந்தது போதாது. இல்ல, பயணத்தை அஞ்சரை மாசமா சுருக்குங்க.

நான் சுருக்கறதைத்தான் சொல்வேன், அதுக்கு வரியிலயும் ஒரு காரணம் இருக்கு. ஜெர்மனி-ஜப்பான் வரி ஒப்பந்தப்படி, எந்த 12 மாசத்துலயும் ஜப்பான்ல 183 நாளுக்கு மேல போகாம, சம்பளத்தை ஜப்பான் ஆள் குடுக்காம, உங்க யுனிவர்சிட்டிக்கு அங்க கிளை ஏதாவது இருந்து அதுவும் அந்தச் சம்பளத்தைச் சுமக்காம இருந்தா சம்பள வரி பொதுவா ஜெர்மனியோட முடிஞ்சுடும். ஏப்ரல் 1-லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் எண்ணிப் பாருங்க, சரியா 183. மார்ச் 1-லேர்ந்து ஆகஸ்ட் 31-ன்னா 184. ஃப்ளைட் கேன்சல் ஆகி ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா ரெண்டு நாட்டு வரிப் பேப்பரோட உக்காரணும். 165 நாள் போதும்னு ப்ரொஃபசர்கிட்ட பேசிப் பாருங்க, லேப் வேலைக்கு அது பத்தும். அப்படி சுருக்கினா அம்மாவை வழியில ஒரு வாரம் பாத்துட்டும் வரலாம், ஆறு மாசக் கெடு தாண்டாது.

லோனுக்கு இப்பவே பேங்க்ல பேசுங்க. மாஸ்டர்ஸ் முடிஞ்சதும் மொரட்டோரியம் (இஎம்ஐ கட்டாம இருக்க பேங்க் விடற காலம்) முடியற தேதி நெருங்க ஆரம்பிச்சுடும், பிஎச்டி சேர்ந்துட்டேன்னு சொன்னா தானா நீளாது, நீட்டினாலும் வட்டி ஏறிட்டே இருக்கும், மாசம் 15,750 ரூபா வட்டி மட்டும். என்னைக் கேட்டா நீட்டாதீங்க, முதல் சம்பளத்துலேர்ந்தே கட்ட ஆரம்பிங்க. மூணு மாச செலவு கைல சேர்ற வரைக்கும் எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடறது) எல்லாம் வேண்டாம். அப்பா கோ-பாரோவரா இருந்து அவரே வட்டி கட்டறாருன்னா, பழைய வரி முறையில இருக்கற வரைக்கும் அவருக்கு கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு (80இ-னு சொல்வாங்க) எட்டு வருஷம் கெடைக்கும், புது முறைக்கு மாறியிருந்தா கெடைக்காது. அவர் எதுல இருக்கார்னு கேட்டுட்டு, யார் அக்கவுண்ட்லேர்ந்து இஎம்ஐ போகணும்னு முடிவு பண்ணுங்க.