கேள்வி – பதில்: முதுகு ஒப்பரேசன் முடிந்து வீடு திரும்பும்போது

இம்முறை வந்த கடிதங்களில் பல முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை பற்றியவை. ஒரே விசயத்தைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். உங்கள் வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தது இங்கே சொல்வதற்கு மாறாக இருந்தால், கொப்பியில் உள்ளபடியே செய்யுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. நாரியில் இடைத்தட்டு விலகி நரம்பை அமத்துவதால் அடுத்த மாதம் ஒப்பரேசன். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. கக்கூஸ் வெளியில், குந்துகிற மாதிரி. அம்மா இவ்வளவு காலமும் பாயில்தான் படுத்தவ. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

கக்கூசிலிருந்து தொடங்குங்கள். தச்சனையும் மேசனையும் பிடிக்க நாள் எடுக்கும், மற்றதெல்லாம் ஓரிரு நாளில் முடிகிற வேலை.

எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி வேலை நிலத்தோடுதான் நடக்கிறது. படுப்பது பாயில், தேங்காய் துருவுவது குந்தியிருந்து, உடுப்புத் தோய்ப்பது கிணற்றடியில் குனிந்து. ஒப்பரேசன் செய்தவருக்குப் பெரும்பாலும் முதல் 6 கிழமைக்குக் குனிவது, இடுப்பை முறுக்குவது, பாரம் தூக்குவது மூன்றும் விலக்கு. ஆகவே அம்மா தொடுகிற எல்லாச் சாமானும் இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே வரவேண்டும். அதை அவ ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் செய்து, ஒரு கிழமையாவது பழகவிடுங்கள். நோவோடு வந்து புதுக் கதிரையையும் புதுக் கட்டிலையும் பழகுவது கடினம்.

குந்துகிற கோப்பைக்கு மேலே வைக்கிற ஓட்டைக் கதிரை மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும். தச்சனிடம் செய்விப்பதானால் இருக்கை உயரம் 45 முதல் 50 சென்ரிமீற்றர், ஓட்டை அண்ணளவாக 20க்கு 25 சென்ரிமீற்றர், இரண்டு பக்கமும் கைபிடி, கால்களுக்கு றப்பர் மூடி. செய்யக் கொடுக்கமுதல் கக்கூசின் உள் அகலத்தை அளந்து கொடுங்கள். சிறிய அறையில் கதிரை போய் நிற்கும், ஆனால் ஆள் திரும்ப இடம் இராது. சாதாரண பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டி எடுக்கிற பழக்கம் ஊரில் உண்டு. அதைச் செய்யவேண்டாம். பாரத்தைத் தாங்குகிற இடமே அந்த நடுப்பகுதிதான், வெட்டினால் ஈரச் சீமெந்தில் கால்கள் விரிந்து முறியும். கதிரைக்கும் கோப்பைக்கும் இடையில் வெளியே சிந்தாமலிருக்க, அடி வெட்டிய வாளியொன்றை ஓட்டைக்குக் கீழே பொருத்திவிடலாம்.

கதவு உள்ளே திறக்கிறதா என்று பாருங்கள். ஆள் உள்ளே விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. பிணைச்சலை மாற்றி வெளியே திறக்கும்படி செய்யுங்கள், உள் கொண்டியையும் கழற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் அளவில் ஒரு ஜி.ஐ. பைப் பிடி தேவை. ஆனால் வீட்டுத்திட்டச் சுவர்கள் பல பொள்ளல் கல்லில் கட்டியவை. அதில் பிளக் அடித்து ஆணி முடுக்கினால் ஆளின் பாரத்துக்குக் கழன்று வரும். சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, தகடு வைத்து, போல்ற் நட் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வாளி நிலத்தில் இருக்கக்கூடாது. ஒரு ஸ்டூலில், கை நீட்டாமல் எட்டுகிற உயரத்தில் வையுங்கள். கழுவும்போது பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோனால் இடுப்பு முறுகும். கையால் அமத்துகிற ஹோஸ் ஒன்று பூட்டினால் அந்தத் தொல்லை குறையும். இரவுக்கு இவ்வளவும் வேண்டாம், அதே கதிரையின் கீழே வாளி வைத்துக் கட்டிலருகில் பாவியுங்கள். இருட்டில் முற்றத்தைக் கடந்து போவதில் வழுக்கல் ஒரு பயம், பாம்பு இன்னொரு பயம்.

அடுத்தது கட்டில். அம்மாவைச் செருப்போடு நிறுத்தி, நிலத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதற்கு 5 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். மெத்தையோடு சேர்த்து அதுதான் சரியான உயரம். கட்டில் பதிவாக இருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைக்கலாம், கட்டையின் நடுவில் கட்டில்கால் இறங்கி நிற்க 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி செதுக்கவேண்டும். கல்லை அடுக்கி வைத்தால் அவ எழும்ப ஊன்றுகிற நேரத்தில் சறுக்கும். நாடா பின்னிய கட்டில் நடுவில் தொய்யும், மெத்தைக்குக் கீழே முக்கால் அங்குலப் பிளைவூட் போடுங்கள். வெறும் பலகையில் படுத்தால்தான் முள்ளந்தண்டு நேராகும் என்று அயலவர்கள் சொல்வார்கள். தேவையில்லை, தொய்யாத தும்பு மெத்தை போதும்.

எழும்புகிற முறையை இப்போதே பழக்குங்கள். மல்லாக்கப் படுத்து முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கத்துக்குத் திரும்பவேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும் அதே நேரத்தில் முழங்கையையும் கையையும் ஊன்றி எழும்பவேண்டும். நீங்கள் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. கூரை வளையில் கயிறு கட்டிக் கொடுத்தால் பிடித்து எழும்புவா என்று நினைப்பீர்கள், அது முதுகை முறுக்கும். பக்கம் சரிந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும், மல்லாக்கப் படுக்கும்போது முழங்காலுக்குக் கீழும் ஒரு தலையணை. நுளம்புவலையின் வாய் அவ இறங்குகிற பக்கம் இருக்கட்டும், செருகுவது உங்கள் வேலை.

பகலில் இருக்க, கைபிடி உள்ள நேர்முதுகுக் கதிரை. துணி போட்ட சாய்மனைக் கதிரை எவ்வளவு சுகமாகத் தெரிந்தாலும் 3 மாதத்துக்கு மடித்து வையுங்கள். முதுகை வில்லாக வளைத்துவிடும், எழும்பவும் முடியாது. நேர்க் கதிரையிலும் ஒரே இருப்பில் 20 முதல் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கவிடாதீர்கள்.

உள் நிலத்தில் கிடக்கிற பாய், சாக்கு, வயர் எல்லாம் போகட்டும். பின்வார் இல்லாத செருப்புக்குப் பதில் பின்வார் உள்ள செருப்பு. திண்ணைப் படி விளிம்பில் வெள்ளைக் கோடு அடியுங்கள். ஏறும்போது பெலமான கால் முதலில், இறங்கும்போது பெலம் குறைந்த கால் முதலில். கோழியும் நாயும் வீட்டுக்குள் வராமல் ஒரு தட்டி. வீட்டுக்கு வந்தவரைக் கண்டு துள்ளிப் பாய்கிற நாயைக் கட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கு எப்படிக் கொண்டுவருவது? ஓட்டோ போதுமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

ஓட்டோ வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். முன் இருக்கையைச் சரிக்கக்கூடிய கார் அல்லது வான் பிடியுங்கள். கால் வைக்க இடம் கூடியது முன் இருக்கைதான். இருக்கையில் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்துவிட்டு, முதலில் பின்புறத்தால் இருத்தி, பிறகு தோளையும் காலையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே எடுங்கள். பை வழுக்கிக் கொடுப்பதால் முறுகாது. திரும்பியதும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தில் ஆளும் வழுக்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று நோக்குளிசையை வோர்டிலேயே கேட்டு, புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன் கொடுங்கள். ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை, கொடிகாமத்திலும் பரந்தனிலும் என்று வைத்துக்கொள்ளுங்களேன், இறக்கி இரண்டு நிமிடம் நடக்கவிடுங்கள். ஏ35 வீதியிலிருந்து உங்கள் உள்வீதிக்குத் திரும்பிய பிறகுதான் கவனம் வேண்டும். கிரவல் குழியில் வாகனம் நடைவேகத்தில் போகவேண்டும் என்பதைச் சாரதியிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்பரேசன் காயம் சீழ் பிடிக்கும் என்று மாமி மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டா. பரியாரியாரின் எண்ணெய் பூசவும் சொல்கிறா. செய்யலாமா?
– வாசகி, நெடுங்கேணி

இரண்டும் வேண்டாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, குளத்து மீன், பருப்பு, பயறு இருக்கட்டும், கொய்யாப்பழமும் நல்லது. வெறும் சோறும் ரசமும் பத்தியமென்று கொடுப்பது, ஆறுகிற காலத்தை நீட்டுகிற வழி. சீழுக்குக் காரணம் கிருமி. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அது எளிதில் பிடிக்கும், ஆகவே பத்தியம் காட்ட விரும்பினால் சீனியில் காட்டலாம். மாமிக்கும் மனம் ஆறும்.

தையல் வெட்டும்வரை, வழமையாக 10 முதல் 14 நாள், காயம் நனையக்கூடாது. அதுவரை ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். எண்ணெய் பூசி உருவுவது சத்திரசிகிச்சை வைத்தியர் சரி சொன்ன பிறகு பார்க்கவேண்டியது.

உண்மையில் பலர் கடிதத்தில் எழுதாத தொல்லை மலச்சிக்கல். ட்ரமடோல், கோடீன் போன்ற நோக்குளிசைகள் குடலை மந்தமாக்கும், முக்கினால் நாரியில் நோ குத்தும். மூன்று நாள் கடந்தபின் தவிப்பதைவிட, முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாப்பழம், முருங்கையிலை, குரக்கன் கொடுங்கள். போதாவிட்டால் இளக்கும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. தடிமனுக்கு வாங்குகிற குளிசையிலும் அதே மருந்து இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள். தகடு, ஆணி வைத்து எலும்பை ஒட்டவைத்த ஒப்பரேசன் என்றால் டைக்ளோபெனக் போன்றவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். புகைத்தலும் நிற்கவேண்டும், வெற்றிலையோடு புகையிலை போடுவதும் நிற்கவேண்டும். நிக்கொட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

எங்கள் பக்கம் இரவில் வாகனம் கிடையாது. எதற்கு விடியும்வரை பார்த்திருக்கலாம், எதற்கு இருக்கக்கூடாது?
– வாசகர், மாங்குளம் பகுதி

சிறுநீர் போகாமல் கட்டிக்கொண்டால், அல்லது தெரியாமலே போனால், மலசலவாசலைச் சுற்றியும் தொடை உட்புறத்திலும் விறைப்பு வந்தால், கால் புதிதாகப் பெலம் இழந்தால், விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. நரம்புக் கற்றை அமத்தப்படுகிற அடையாளம் அது, மணித்தியாலங்கள் பிந்தினாலும் திரும்பிவராத சேதம் நேரலாம். மூச்சு முட்டல், நெஞ்சு நோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவதும் அப்படியே. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். சந்தி, கோயில், பாடசாலை என்று ஒரு அடையாளத்தை முதலே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், பதட்டத்தில் பிள்ளைகளுக்கு வழி சொல்ல வராது.

காயத்திலிருந்து சீழ், சிவப்புப் பரவுதல், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டவேண்டும். தெளிந்த தண்ணீர் கசிந்து, எழும்பி இருந்தால் தலையிடித்து, படுத்தால் குறைகிறதா? முள்ளந்தண்டு நீர் ஒழுகுவதாக இருக்கலாம். மட்டமாகப் படுக்கவைத்து, அதே நிலையில் கொண்டுபோங்கள்.

காலில் பழைய விறைப்பு மெல்ல மாறுவதும், மாலையில் நாரி நோவதும் வழமை. அதற்காக ஓடவேண்டாம்.

என் கணவர் கமக்காரர். காலபோக விதைப்புக்கு இறங்கலாமா? ஒப்பரேசன் முடிந்து 7 கிழமை, நல்லா நடக்கிறார்.
– வாசகி, விசுவமடு

நடக்கிறார் என்பது வயலுக்கு அனுமதி ஆகாது. 16 லீற்றர் மருந்துத் தாங்கி நிரம்பினால் முதுகில் 20 கிலோ வரும். பசளைப் பை 50 கிலோ. இருசக்கர உழவு மெசினின் கைபிடியைத் திருப்புவதற்கு இடுப்பையே முறுக்கவேண்டும், அதன் அதிர்வு வேறு. இடைத்தட்டு மட்டும் எடுத்தவர்களுக்கே பாரவேலைக்கு 3 மாதம் வரை போகும். எலும்பு ஒட்டவைத்தவர்களுக்கு 6 மாதமோ அதற்கு மேலோ, எக்ஸ்றே பார்த்துத்தான் சொல்வார்கள். இந்தப் போகத்துக்குக் கூலிக்கோ குத்தகைக்கோ ஒழுங்கு செய்யுங்கள். அவர் வரம்பில் நடந்து தண்ணீர் பார்க்கலாம், வரம்பு காய்ந்திருந்தால். மண்வெட்டியைக் கொண்டுபோகவேண்டாம் என்று சொல்லுங்கள், கையில் இருந்தால் சும்மா நிற்கமாட்டார்.

அக்காவுக்கு ஒப்பரேசன் முடிந்து 5 கிழமை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக ஆசைப்படுகிறா.
– வாசகி, முள்ளியவளை

பொங்கலன்று இரவுச் சனத்துக்குள் வேண்டாம். இடிபட்டால் தன்னைத் தாங்கிக்கொள்ள அவவால் முடியாது. வேறொரு நாள் காலையில், சனம் குறைந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். நின்றே கும்பிடட்டும், நிலத்தில் விழுந்து வணங்குவதும் வெளிவீதி மணலில் இருப்பதும் இல்லை. களைத்தால் இருக்க, வீட்டிலிருந்து கைபிடிக் கதிரை ஒன்றை வாகனத்தில் போட்டுக்கொண்டு போங்கள். முதுகுக்குப் பெல்ற் தந்திருந்தால் மெல்லிய பெனியனுக்கு மேலே கட்டிக்கொண்டு போகட்டும்.