எடுப்பது சுலபம், திருப்பி வைப்பது?

கேள்வி: எனக்கு 41 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் விடுப்பு எடுத்து வீட்டை முழுசாக ஒழித்து வைக்கிறேன். இருபதே நாளில் எல்லாம் பழையபடி இறைந்து கிடக்கிறது. சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் இருந்ததே இல்லை. அடுக்கி வைக்கலாம் என்று வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிகளும் இப்போது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கணவர் ‘எப்பவாவது உதவும்’ என்று எதையும் தூக்கிப்போட விடமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போன அம்மாவின் பொருட்கள் நான்கு அட்டைப்பெட்டிகளில் கட்டியபடியே இருக்கின்றன. அழைப்பு மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான்தான் சோம்பேறியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு எடுத்து இந்த வேலையைச் செய்கிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் உங்களை அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு நாளும் வெளியே கிடக்கும் பொருட்களை உள்ளே வைக்கிறீர்கள். அவை ஏன் வெளியே வந்தன என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் வந்த வழியே திரும்ப வந்துவிடுகின்றன.

சாப்பாட்டு மேஜையையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வருகிறவர் கைக்கு முதலில் எட்டுகிற, நிற்கும் உயரத்திலேயே இருக்கிற காலி இடம் பெரும்பாலும் அதுதான். கையில் சாவி, பை, தபால், குடை. சாவிக்கு இடம் படுக்கையறை அலமாரியின் உள் இழுப்பறை என்றால், களைத்து வந்த மனிதர் அவ்வளவு தூரம் போவாரா? மேஜையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போவார். ஒரு பொருள் போட்டதும் அந்த மேஜை ‘போடுகிற இடம்’ ஆகிவிடும். அடுத்தவர் யோசிக்கவே மாட்டார்.

ஒரு பொருளை எடுக்கும்போது அது நமக்கு வேண்டியிருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறியாவது எடுத்துவிடுவோம். வேலை முடிந்ததும் அந்த அவசரம் போய்விடுகிறது. ஆகவே எடுப்பதைவிடத் திருப்பி வைப்பது சுலபமாக இருந்தால்தான் வீடு வீடாக நிற்கும். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைக்க எத்தனை அசைவு தேவை என்று எண்ணுங்கள். அலமாரிக் கதவைத் திறக்க வேண்டும், மேலே இருக்கும் பெட்டியை இறக்க வேண்டும், கீழ்ப்பெட்டி மூடியைக் கழற்ற வேண்டும், போட வேண்டும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி மூட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு இதை யாரும் செய்யமாட்டார்கள். நீங்கள் வாங்கிய மூடிப் பெட்டிகள் உதவாமல் போனதற்கும் இதுதான் காரணம். தினமும் புழங்குகிற பொருளுக்கு மூடியே கூடாது. திறந்த தட்டு, சுவரில் ஒரு கொக்கி, மூடியில்லாத கூடை என்று ஒரே அசைவில் வேலை முடிய வேண்டும். அழுக்குத்துணிக் கூடைக்கு மூடி இருந்தால், துணி மூடிமேல்தான் கிடக்கும். மூடியைக் கழற்றி ஒரு வாரம் பாருங்கள்.

நாற்காலியில் குவிகிற துணியும் இதே கதைதான். ஒருமுறை உடுத்திய, ஆனால் இன்னும் துவைக்க வேண்டாத துணி. அதை அழுக்குக் கூடையில் போடவும் மனசு வராது, துவைத்த துணியோடு வைக்கவும் மனசு வராது. வீட்டில் அதற்கென்று ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை, நாற்காலி அந்த வேலையைச் செய்கிறது. ஆளுக்கு இரண்டு கொக்கி மாட்டிக்கொடுங்கள், நாற்காலி காலியாகிவிடும். வீட்டில் எங்கெல்லாம் குவியல் தானாக உண்டாகிறதோ, அங்கெல்லாம் ஏதோ ஒரு பொருள் தனக்கு இடம் கேட்கிறது என்று பொருள். பிள்ளைகளின் புத்தகப்பை வாசலருகே விழுகிறதா? அதை உள்ளறைக்குக் கொண்டுபோகச் சொல்லித் தினமும் கத்துவதைவிட, அது விழுகிற இடத்திலேயே பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடிப்பது மேல்.

இத்தனையும் நடக்க, அலமாரிக்குள் இடம் வேண்டும். நெருக்கி அடைத்த தட்டில் ஒன்றைத் திருப்பி வைக்க இரண்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கால்வாசியாவது காலியாக இருந்தால்தான் அது அலமாரி. அதனால் முதலில் கழிப்பது, அப்புறம்தான் அடுக்குவது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்து உலகம் முழுக்கப் பரவிய ‘ஐந்து எஸ்’ முறையிலும் வரிசை இதுதான். முதல் படி ‘செய்ரி’, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. அதற்குப் பிறகே ‘செய்டன்’, மிஞ்சியதற்கு இடம் குறிப்பது. நீங்கள் பெட்டி வாங்கியது இரண்டாம் படி. முதல் படியைத் தாண்டிவிட்டு அங்கே போனதால், வேண்டாத பொருட்களுக்கும் சேர்த்து வீடு கட்டிக்கொடுத்துவிட்டீர்கள். இனி ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள். கழித்து முடித்தபின் இருக்கிற பெட்டிகளே மிஞ்சும்.

கழிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. மாணவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் காப்பி குடிக்கும் குவளை கொடுத்தார்கள். சற்று முன்பு கைக்கு வந்த குவளையை விற்க அவர்கள் கேட்ட விலை, குவளை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ‘என்னுடையது’ ஆனவுடனேயே பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. சில நிமிடம் வைத்திருந்த குவளைக்கே இப்படி என்றால், பத்து வருடம் வைத்திருந்த பொருளுக்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே ‘இதைத் தூக்கிப்போடலாமா?’ என்று கேட்டால் மனம் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லும். ‘இது நம்மிடம் இல்லாமல் இருந்தால், இன்றைக்குப் போய் வாங்குவோமா?’ என்று கேளுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அவருக்குத் தெரியாமல் அவர் பொருள் ஒன்றைக்கூட வெளியே போடாதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு பழைய வயர் துண்டைக்கூடக் காவல் காப்பார். முதலில் உங்கள் பொருட்களை மட்டும் கழியுங்கள். அவருக்கென்று ஒரு அலமாரியையோ தட்டையோ முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் எதை வைப்பது என்பது அவர் முடிவு. நிரம்பிவிட்டால் புதிதாக ஒன்று உள்ளே போக, பழையது ஒன்று வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வாதாட வேண்டியதில்லை, அலமாரியே எல்லை சொல்லும். பொதுவான பொருட்களில் சந்தேகம் வந்தால், முன்பு சொன்ன ‘ஐந்து எஸ்’ தொழிற்சாலைகளின் இன்னொரு வழக்கம் கைகொடுக்கும். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, தேதி எழுதி, தனியே ஒதுக்கிவிடுவார்கள். நீங்களும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதிவரை எது வெளியே எடுக்கப்பட்டதோ அது உதவுகிற பொருள். மீதியைப் பற்றி அவரே முடிவு செய்யட்டும்.

அழைப்பு மணிக்குப் படபடப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை மிகையென்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் வேலைக்குப் போகும் தம்பதியரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். வீடு அடைசலாக, முடியாத வேலைகளோடு கிடக்கிறது என்று பேசிய மனைவிமாருக்கு, நாள் ஏற ஏற இறங்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. அது மன அழுத்தத்தோடு சேர்ந்த ஹார்மோன். 2010இல் வெளியான இந்த ஆய்வு முப்பது தம்பதியரை மட்டுமே பார்த்தது. எது காரணம், எது விளைவு என்று அது முடிவு கட்டவில்லை. ஆனாலும் உங்கள் படபடப்பை நீங்கள் மட்டும் அனுபவிக்கவில்லை என்பதற்கு அது போதும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அந்த மேஜையில். இருபது நிமிடம் மட்டும். வீட்டையே வெளியே இழுத்துப் போடாதீர்கள், அந்த நேரத்துக்குள் திருப்பி வைக்க முடிந்ததை மட்டும் எடுங்கள். குப்பையை முதலில் அள்ளுங்கள், அதற்கு யோசனையே தேவையில்லை. அடுத்து, வேறிடத்தில் இருக்க வேண்டியவற்றை ஒரு கூடையில் போட்டு ஒரே நடையில் கொண்டுபோய் வையுங்கள். பாதியில் எழுந்து எழுந்து போனால் அடுத்த அறையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கடைசியில் மேஜையில் மிஞ்சுபவைதான் இடமில்லாத பொருட்கள். அவற்றுக்கு வாசலருகே ஒரு தட்டும் நான்கு கொக்கியும் கொடுங்கள். தபாலைக் குப்பைக்கூடை பக்கத்தில் நின்றபடியே பிரித்துவிடுங்கள். உத்தரவாதம் உள்ள ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வழுவழுப்பான ரசீதுத்தாளில் எழுத்து மங்கிவிடும். பழைய பேட்டரி, உடைந்த கைபேசி கிடைத்தால் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் இருபது நாள் கணக்கு. ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள்வரை கணக்கு மாறியது. இருபதாம் நாள் மேஜை நிரம்பியபோது, பழக்கம் இன்னும் பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்காது. நீங்கள் தோற்றுவிட்டதாக நினைத்தீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், நான்கு பேரும் சேர்ந்து மேஜையையும் கூடத்தையும் மட்டும் ஏறக்கட்டுங்கள். நீங்கள் ஒருவரே நாற்பது நிமிடம் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. பொருளுக்கு எது இடம் என்று பிள்ளைகளுக்கும் கணவருக்கும் தெரிவது இப்படித்தான். ஒருநாள் முடியவில்லையா, விட்டுவிட்டு மறுநாள் செய்யுங்கள்.

அம்மாவின் பெட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவற்றுக்கு அவசரம் இல்லை. வீடு கொஞ்சம் மூச்சு விட்டபிறகு, உங்களைப் போலவே அம்மாவை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மாலைக்கு ஒரு பெட்டி என்று பிரியுங்கள். நினைவுக்காக மட்டும் வைத்திருக்கும் பொருளைக் கொடுத்துவிட மனம் இடறினால், முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளுக்குப் பின்னால் உள்ள கதையையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். எடுத்த படம் கையில் இருந்தால் பொருளைக் கொடுப்பது பலருக்கு எளிதாகிறது. அப்படியும் கொடுக்க முடியாதவை சில இருக்கும். அவற்றைத் திரும்பவும் கட்டிப் பரணில் ஏற்றாதீர்கள். அம்மா தினமும் கையில் எடுத்த கரண்டியோ, போர்வையோ, கண்ணாடிக் கூடோ, எதுவானாலும் வெளியே எடுத்து வையுங்கள், நீங்களும் தினமும் எடுக்கிற இடத்தில்.