பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டாம், தங்கச்சி

உங்கள் கேள்வியைப் படித்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். புது நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, குழந்தை பிறந்து ஒன்பது நாள், காம்பு வெடித்து ரத்தம் வருகிறது, குழந்தை அழுதாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பம்ப் வாங்கினால் வலி தீருமா, எந்த பம்ப் நல்லது, அம்மாவை வரவழைக்க விசா எப்படி, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எப்போது எடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விசா, பாஸ்போர்ட் விவரமெல்லாம் குடிவரவு அலுவலகத்திலும் தூதரகத்திலும் கிடைக்கும், அதை உங்கள் கணவர் விசாரிக்கட்டும். நான் வலியைப் பற்றியும் பம்ப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். மற்றவை இரண்டு வாரம் தள்ளிப் போனாலும் குடி முழுகாது, இது அப்படியில்லை.

என் மூத்தவள் பிறந்தபோது நானும் இதே நிலையில்தான் இருந்தேன். மொழி பாதிதான் புரியும். வார்டில் இருந்த நர்ஸ் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார், "நன்றாகத்தானே குடிக்கிறது" என்றார், போய்விட்டார். வீட்டுக்கு வந்தபின் நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், தோல் பழகிக் கெட்டியாகிவிடும், பொறுத்துக்கோ." அந்தப் பதில் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. காம்பின் தோல் கெட்டியாவதில்லை. குழந்தை வாய் வைக்கும் விதம் சரியானால் வலி போகும். சரியாகாவிட்டால் புண் ஆழமாகும், பால் முழுதாக இறங்காது, சுரப்பும் குறையும். பொறுத்துக்கொள்வதால் எதுவும் சரியாவதில்லை.

முதல் வாரத்தில் குழந்தை வாய் வைத்த உடனே அரை நிமிடம், ஒரு நிமிடம் இழுத்துப் பிடிப்பது போல் இருப்பது பலருக்கும் உண்டு. அதற்குப் பிறகும் வலி தொடர்ந்தால், தோல் வெடித்தால், அடுத்த வேளையை நினைத்து உடம்பு நடுங்கினால், அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். காம்பு குழந்தையின் வாய்க்குள் பின்பக்கம், மேலண்ணம் மெத்தென்று இருக்கும் இடம் வரை போக வேண்டும். அங்கே உராய்வு இல்லை. நுனியை மட்டும் பிடித்தால், நாக்குக்கும் முன்பக்கத்துக் கெட்டியான அண்ணத்துக்கும் நடுவில் காம்பு நசுங்கும். குழந்தை விட்டதும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் சரிந்து, புது லிப்ஸ்டிக் முனை மாதிரி சப்பையாகி, குறுக்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் நசுங்குகிறது. கதவோரம் நின்று பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

குழந்தையை உங்கள் மேல் திருப்பிப் பிடியுங்கள். வயிறு உங்கள் வயிற்றில் ஒட்ட வேண்டும், காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்குவது யாருக்கும் கஷ்டம். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும், வாய்க்கு நேராக வேண்டாம். மேலுதட்டில் லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவது போல் வாய் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகக் குனிந்தால் முதுகும் போகும், பிடியும் நழுவும். தாடை முதலில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே அதிகம் தெரியக் கூடாது. தலையின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தாதீர்கள், குழந்தை எதிர்த்துத் தள்ளும். கழுத்தடியையும் தோளையும் தாங்கினால் போதும்.

வலித்தால் அப்படியே இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரமாக ஈறுகளுக்கு நடுவே விட்டு, உறிஞ்சும் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஐந்து முறை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை. மடியில் வைத்துச் சரிவரவில்லை என்றால், சாய்ந்து படுத்துக் குழந்தையை மேலே கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள், அது தானே தேடி வந்து பிடிக்கும். சிசேரியன் என்றால் கைக்கு அடியில் பக்கவாட்டில் பிடிப்பது தையலுக்கு நல்லது. எனக்கு அதுதான் கைகொடுத்தது.

அப்புறம் முக்கியமான விஷயம். ஒரு வேளை முழுவதும், குழந்தை வாய் வைப்பதிலிருந்து விடுவது வரை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மிட்வைஃபாக (பிரசவம் பார்க்கும் செவிலி) இருக்கலாம், வீட்டுக்கு வரும் நர்ஸாக இருக்கலாம், பாலூட்டல் ஆலோசகராக இருக்கலாம். அந்த ஆலோசகர்களுக்கு ஐபிசிஎல்சி என்று உலகம் முழுக்கச் செல்லும் ஒரு சான்றிதழ் உண்டு, 1985 முதல் கொடுக்கிறார்கள். இங்கே நாம் வாய் திறந்து கேட்காவிட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மௌனமாகச் சிரித்துத் தலையாட்டும் நம் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு எதிரி. நான் சில வாக்கியங்களை இந்த ஊர் மொழியில் தாளில் எழுதி, மனப்பாடம் செய்து, போனில் சொன்னேன்: "எனக்கு ரத்தம் வருகிறது. நான் பால் கொடுப்பதை ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டும். இன்றைக்கே வேண்டும்." அன்றே ஒருவரை அனுப்பினார்கள். தடுமாறும் உச்சரிப்போடு நான் சொல்லி வாங்கியது அது, அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. மொழி வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் போன் வழியாகவே ஏற்பாடு செய்வார்கள். கணவர் மொழிபெயர்த்தால் "கொஞ்சம் வலிக்கிறதாம்" என்று சுருக்கிவிடுவார்.

பார்க்க வருபவரிடம் குழந்தையின் நாக்குக்கு அடியில் உள்ள சவ்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகி இருந்தால் நாக்கு முன்னே நீளாது, எப்படிப் பிடித்தாலும் நசுங்கலாம். தேவைப்பட்டால் அந்தச் சவ்வைச் சின்னதாக வெட்டிவிடுவார்கள். ஆனால் பிடியைச் சரிசெய்து பார்க்காமல் நேராக வெட்டிக்கொள்ள ஓடும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது, அது வேண்டாம். பால் கொடுத்து முடித்த பிறகு காம்பு வெளுத்து, நீலம் பாரித்து, எரிச்சல் எடுத்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவது. குளிர் பட்டால் கூடும். குழந்தை விட்ட உடனே உலர்ந்த சூட்டில் மூடிக்கொள்ளுங்கள். அங்கேயும் பிடி சரியானால் பாதி குறையும்.

புண்ணுக்கு சோப்பு போடாதீர்கள். உங்கள் பாலில் ஒரு சொட்டையோ சுத்திகரித்த லனோலின் களிம்பையோ மெல்லியதாகத் தடவினால் போதும், துடைத்தெடுக்க வேண்டியதில்லை. உள்ளாடைத் துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நனைத்து எடுங்கள். வலி மாத்திரை எடுக்கப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் பால் கொடுக்கும் தாய்மார் எடுக்கக் கூடியவையே. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகத் தொல்லை இருந்தால் மட்டும் இபுப்ரோஃபெனுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி பம்ப். பம்ப் வலிக்கு மருந்து இல்லை. புண் ஆறும் வரை ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுக்கவும், அந்த நேரத்தில் சுரப்பு குறையாமல் காக்கவும் அது உதவும். அளவு தவறினால் அதுவே புண்ணாக்கும். பெட்டியோடு வரும், மார்பில் பொருத்தும் புனல் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், சில பம்புகளில் 28. நம்மில் பலருக்கு 17, 19, 21 போன்ற சின்ன அளவுதான் பொருந்தும். காம்பின் அடிப்பக்கக் குறுக்களவை ஸ்கேலால் அளந்து, அதே அளவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட வரை முயன்று பாருங்கள். இழுக்கும்போது காம்பு மட்டும் தடையில்லாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். கருப்பு வட்டம் நிறைய உள்ளே போனால் புனல் பெரிது, காம்பு பக்கச் சுவரில் உரசினால் சிறிது. அதே கையோடு, உறிஞ்சும் அழுத்தத்தைக் கடைசி வரை ஏற்றாதீர்கள். வலித்தால் உடம்பு இறுகும், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடாசின் தடைபடும், வர வேண்டிய பாலும் வராது. வலிக்காத அளவுகளில் எது அதிகமோ அதில் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பால் இறங்குவது எளிது.

உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிற பம்பை முதலில் வாங்கிவிடாதீர்கள். நம் தோழிகள் பலர் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், ஏனென்றால் வீட்டு வேலையை நிறுத்தாமல் பால் எடுக்கலாமாம். பச்சை உடம்புக்காரி எதற்கு நடந்துகொண்டே பால் எடுக்க வேண்டும்? சுரப்பு நிலைபெறாத முதல் வாரங்களில் அவற்றில் பல போதுமான அளவு இழுப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் இரட்டை மின்சார பம்பை வாடகைக்குத் தருகிறார்களா என்று விசாரியுங்கள். பம்ப் வரும் வரை கையாலேயே எடுக்கலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுங்கள். தோலில் வழுக்கித் தேய்க்காதீர்கள். மார்பு கல்லாகிக் குழந்தை பிடிக்க முடியாமல் தவிக்கும் போதும் இப்படிக் கொஞ்சம் எடுத்து இளக்கினால் வாய் வைக்கும்.

ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிப் படம் அனுப்பும் பெண்களை எனக்குப் பிடிப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு ராத்திரி பகலாகப் பம்ப் செய்து பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும். குழந்தை குடிக்கும் அளவுக்கு எடுத்தால் போதும். பால் கட்டினால் சூடு வைத்துப் பலமாகப் பிசைந்து முழுதாகக் காலி செய் என்பது பழைய அறிவுரை. தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றிவிட்டது. குளிர் ஒத்தடம், வீக்கத்துக்கு மாத்திரை, அக்குள் பக்கம் நோக்கி இறகு படுவது போல் மெல்லத் தடவுவது, வழக்கம் போல் பால் கொடுப்பது, அதிகப்படியாகப் பம்ப் செய்யாமல் இருப்பது என்று சொல்கிறார்கள். பிசைந்தால் உள்ளே காயமும் வீக்கமும் கூடும். மார்பில் ஓர் இடம் சிவந்து, குளிர் காய்ச்சல் வந்து, 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ நிலைமை மோசமானாலோ டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். குழந்தை குடித்துவிட்டு மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

பால் போதுகிறதா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பம்பில் விழும் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், குழந்தை இழுப்பதும் மெஷின் இழுப்பதும் ஒன்றல்ல. டயப்பரை எண்ணுங்கள். ஒன்பது நாள் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும், ஆறு டயப்பராவது நன்றாக நனையும், மலம் மஞ்சளாக மூன்று தடவையாவது போகும். பிறந்தபோது இருந்த எடை 10 முதல் 14 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். இது நடக்கவில்லை என்றாலோ, குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, நாளைக்கு என்று தள்ளாமல் உடனே காட்டுங்கள்.

எடை ஏறவில்லை, ஃபார்முலா சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சேருங்கள். நம்மவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு சொட்டு புட்டிப்பால் கொடுத்தால் தாய்மையே போச்சு என்பவர்கள் ஒரு பக்கம். "எதற்குக் கஷ்டப்படுகிறாய், டப்பாவைத் திற" என்பவர்கள் இன்னொரு பக்கம். குழந்தைக்கு வயிறு நிறைய வேண்டும், உங்கள் புண் ஆற வேண்டும், சுரப்பு நிற்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவரின் பேச்சை மட்டும் கேளுங்கள். என் மூத்தவளுக்குச் சில வாரம் இரண்டும் கொடுத்தேன். காம்பு ஆறிய பிறகு முழுக்கத் தாய்ப்பாலுக்கே திரும்பினாள், ஒரு வயது தாண்டியும் குடித்தாள்.

அந்த வாரங்களில் அம்மா போனில் தினமும் அழுவார். "நான் பக்கத்தில் இருந்தால்" என்று ஆரம்பிப்பார், அதற்கு மேல் பேச்சு வராது. அம்மா வந்திருந்தால் சமைத்திருப்பார், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பார், நான் தூங்கியிருப்பேன். உங்கள் கணவர் அந்த வேலைகளைச் செய்யட்டும். பம்ப் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வைப்பது, ராத்திரி குழந்தையைத் தூக்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் படுக்க வைப்பது எல்லாம் ஆண்பிள்ளைக்கு முடியாத வேலை இல்லை. என் வீட்டில் அவர்தான் செய்தார். ஊரில் இருந்திருந்தால் அவர் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

"குழந்தை அழுதாலே பயமாக இருக்கிறது" என்று எழுதியது என் மனதில் நிற்கிறது. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அதற்குப் பிறகும் விடாமல் இருந்தால், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாவிட்டால், உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மறைத்து மாதக்கணக்கில் தவித்த பெண்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

இன்றைக்குக் குழந்தை விட்டதும் காம்பு எந்த வடிவத்தில் இருக்கிறது, புண் இரண்டு பக்கமா ஒரு பக்கமா, நேற்று எத்தனை டயப்பர் நனைந்தது, இதை மட்டும் எனக்கு எழுதுங்கள். பம்ப் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் புனலின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். போன் செய்யும்போது என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், அந்த வாக்கியங்களை நானே எழுதி அனுப்புகிறேன்.