வற்ற வைத்தால் உப்பு வருமா? – வேதியியல் கேள்வி பதில்

பித்தளை தனிமமா, சேர்மமா? வீட்டில் தகராறே வந்துவிட்டது.

இரண்டு கட்சியும் தோற்றது. அது கலவை. செம்பும் துத்தநாகமும் 65க்கு 35 என்றாலும் பித்தளைதான், 70க்கு 30 என்றாலும் பித்தளைதான். விகிதம் இப்படி வளைந்து கொடுத்தால் அது சேர்மம் இல்லை. கழுத்தில் கிடக்கும் 916 நகையும் இதே சாதி: நூற்றுக்குச் சுமார் 92 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்.

இரும்புத்தூள், கந்தகம் இரண்டையும் கலந்து சூடாக்கினேன். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. காந்தம் பழசாகிவிட்டதா?

காந்தத்தை ஏன் திட்டுகிறீர்கள்? சூடாக்குவதற்கு முன்னால் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கையில் இருப்பது இரும்பு சல்பைடு, சேர்மம். அதில் இரும்பின் குணமும் இல்லை, கந்தகத்தின் குணமும் இல்லை. 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்பது கணக்கு. இரும்பைக் கூடுதலாகப் போட்டிருந்தால் மிச்சம் மட்டும் ஒட்டும். அப்புறம், இதை மூடிய அறையில் செய்யாதீர்கள். கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும்.

'கடல்நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும்' என்று எழுதிய மகளுக்கு ஒரு மார்க் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா?

குறைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இருபது வருஷமாக விடைத்தாள்களில் இந்த வரியோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 35 கிராம். அதில் கறியுப்பு 27 கிராம் போலத்தான். மீதி மக்னீசியம் உப்புகள், ஜிப்சம், கொஞ்சம் பொட்டாசியம். முழுக்க வற்ற விட்டால் அத்தனையும் சேர்ந்துதான் அடியில் நிற்கும். நாக்கில் வைத்தால் கசக்கும், டப்பாவில் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

தூத்துக்குடி உப்பளத்துக்கு ஒருமுறை மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு பெரியவர் உப்புநீரில் டிகிரி மானியை (இது காட்டுவது சூட்டை அல்ல, உப்புநீரின் அடர்த்தியை) மிதக்க விட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட ஜிப்சம் முந்திக்கொண்டு படிந்துவிடும். அதை அந்தப் பாத்தியிலேயே விட்டுவிட்டு, நீரை மட்டும் அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். சுமார் 25 டிகிரி வந்ததும், ஆறிய பாலில் ஏடு கட்டுவது போல நீர் மேல் மெல்லிசாக வெள்ளை படர்கிறது. அதுதான் உப்பு. 30 டிகிரியை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியே திறந்து விட்டுவிடுகிறார்கள்; மக்னீசியத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். எங்கள் பையன் ஒருவன் அந்த நீரில் விரலை விட்டு நக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் துப்பிக்கொண்டே இருந்தான்.

உப்பளத்தில் நடப்பது வெறும் ஆவியாக்கல் இல்லை, படிகமாக்கல். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது நம் வழிகாட்டி நூல்களில் பலவற்றுக்குத் தெரியவில்லை. 'ஆவியாக்கிச் செறிவாக்கி, பின் படிகமாக்கல்' என்று எழுதச் சொல்லுங்கள். மார்க் வரும்.

ஸ்கெட்ச் பேனா மையைத் தாளில் பிரிக்கும் சோதனையை நாலு தடவை செய்துவிட்டேன். நிறம் பிரியவே இல்லை. ஏன்?

எந்தப் பேனா, எந்தத் தாள், எதில் நிறுத்தினீர்கள்? ஒன்றும் எழுதாமல் 'ஏன்' என்றால் நான் ஜோசியமா பார்க்க முடியும்? சரி, ஊகித்துச் சொல்கிறேன். அழியாத மார்க்கர் என்றால் அந்த மை தண்ணீரில் நகராது, ஸ்பிரிட் வேண்டும். புள்ளி தண்ணீருக்குள் முங்கியிருந்தால் மை கரைந்து கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். புள்ளி வைக்கும் கோட்டைப் பென்சிலால் போடுங்கள், பேனாவால் போட்டால் கோடும் சேர்ந்து ஓடும். கறுப்பு மையில் ஆரம்பியுங்கள். எந்த முறையானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கலந்திருக்கும் பொருள்கள் எதில் வேறுபடுகின்றன?

பதங்கமாதலுக்கு (திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவதற்கு) உதாரணமாக நவச்சாரத்தை எழுதலாமா?

தேர்வில் எழுதுங்கள். உண்மையில் அது சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேருகிறது. அயோடின் நல்ல உதாரணம். கற்பூரமும் சரிதான், ஆனால் நேரடித் தீயில் காட்டினால் சோதனை தீபாராதனையாகிவிடும்.

ஆல்கஹாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் 100 சதவீதம் ஆக்க முடியுமா?

முடியாது. சுமார் 96 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஆல்கஹாலும் நீரும் அதே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகும். மிச்ச நீரை உறிஞ்ச வேறு பொருள் வேண்டும். எதைக் காய்ச்சி வடித்தாலும் குடுவையை முழுக்க வற்ற விடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. பிரிபுனல் இல்லை.

பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் கீழே, மண்ணெண்ணெய் மேலே. மேலே வந்துவிட்ட அடிப்பாகத்தில் ஊசியால் துளை போட்டு, மூடியை லேசாகத் தளர்த்தினால் தண்ணீர் இறங்கும். எல்லைக்கோடு கழுத்துக்கு வந்ததும் இறுக்கிவிடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.